மார்கழிக் கண்மாய், மூணே லூர்: எதை எடுக்கலாம்?

அண்ணன்மாரே, காரைக்குடிப் பக்கத்துக் கண்மாயில் விரால் பிடிக்கிற போட்டி. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகிலிருந்துதான் தூண்டில் வீசணும், ஆளுக்கு மூணு லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), அறுந்தால் மாற்று கிடையாது.

தவளை வடிவ ரப்பர் லூர் உறுதி. ஆம்பல் இலைமேல் சிக்காமல் வரும். விரால் அடித்த உடனே இழுத்தால் நழுவிடும், ரெண்டு நொடி விட்டு இழுக்கணும். உள்ளே தண்ணீர் ஏறினால் மிதக்காது, அப்பப்போ பிழியணும். அடுத்தது 4 அங்குல ரப்பர் மீன், 5/0 அளவு ஆஃப்செட் (கழுத்து வளைந்த) கொக்கியில். விடியக்காலைக் குளிரில் விரால் மந்தமா இருக்கும், வெயில் ஏறும்வரை மெதுவா இழுக்க இதுதான் சரி.

மூணாவது ஸ்பூனா (கரண்டி மாதிரி மின்னும் உலோகத் தகடு), ஸ்பின்னர்பெய்ட்டா (கம்பியில் தகடு சுழலும் லூர்)? மழைத்தண்ணீர் கலங்கலுக்கு ஸ்பின்னர்பெய்ட் நல்லது. முங்கிக் கிடக்கிற கருவேல முள்ளில் அது தப்புமா?

அதைவிடக் கவலை வாடைக்காற்று. நங்கூரம் முள்ளில் மாட்டிக்கும். அதுக்குப் பதிலா மூங்கில் கழி ஊன்றிக் கயாக்கை அதில் கட்டுறவங்க, எத்தனை அடிக் கழி வச்சிருக்கீங்க? பக்கவாட்டில் கட்டினால் கயாக் கவிழப் பார்க்கும். முன்முனையில் கட்டுறீங்களா, பின்முனையிலா?