லேப்டாப்பை ஆம்ப்பில் மாட்டினால் உர்ர் சத்தம், எந்த டாக் வாங்கலாம்? அவசரம்

திருநகர் 2பி · சனி இரவு 9:12
வணக்கம். புதிதாக ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறேன். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் பின்னால் உர்ர்ர் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. லேப்டாப்புக்குள் இருக்கிற டாக் (டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு) மட்டம், தனியாக ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். 10,000 ரூபாய்க்குள் எது நல்லது? அடுத்த வாரம் அப்பா வந்துவிடுவார், நாதஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். சீக்கிரம் சொல்லுங்கள்.

நைட்ஷிஃப்ட் · 9:20
என்ன ஆம்ப்? என்ன ஸ்பீக்கர்? யூஎஸ்பியில் மாட்டினீர்களா, ஹெட்போன் ஜேக்கிலா? பாட்டு எந்த ஆப்பில்?

செவிச்செல்வம் · 9:31
மாதத்துக்கு ஒருவர் இப்படி வந்துவிடுகிறார். மாடல் பெயர் கிடையாது, படம் கிடையாது, "அவசரம்" மட்டும் உண்டு. தம்பி, மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவை ஒரு தடவையாவது படித்தீர்களா? நான்தான் எழுதினேன்.

யூபிஎஸ் பாண்டி · 9:34
வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? ஸ்கொயர் வேவா (கரண்டைக் கட்டம் கட்டமாகத் தருவது), சைன் வேவா (ஈபி கரண்ட் போல வளைவாகத் தருவது)? நிறைய வீட்டில் இந்த உறுமலுக்கு இன்வெர்ட்டர்தான் காரணம். கரண்ட் போனபோது சத்தம் கூடுகிறதா என்று பாருங்கள்.

திருநகர் 2பி · 9:58
ஆம்ப் சின்னது, ஆன்லைனில் வாங்கியது, உள்ளேயே ப்ளூடூத் உண்டு. லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து சிவப்பு வெள்ளை பின் வயர். யூட்யூப்பில்தான் கேட்கிறேன், ஆனால் 1080-ல் வைத்துத்தான் கேட்கிறேன். இன்வெர்ட்டர் உண்டு, என்ன வகை என்று தெரியாது. டாக் மட்டும் சொல்லுங்கள் போதும்.

செவிச்செல்வம் · 10:15
1080 என்பது படத்துக்கு. யூட்யூப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக அனுப்புகிறது, நீங்கள் 480-ல் வைத்தாலும் காதுக்கு வருவது அதே ஒலிதான். பொதுவாக 160 கேபிபிஎஸ் (நொடிக்கு 160 கிலோபிட்) அளவில் ஓப்பஸ், அல்லது 128-ல் ஏஏசி, இரண்டும் ஒலியைச் சுருக்கும் முறைகள். ஆடியோ சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட். இதில் எவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதிலும் யாரோ கேசட்டிலிருந்து எடுத்து, எம்பி3 ஆக்கி, அதை மறுபடி ஏற்றியிருப்பார். அந்தத் தண்ணிக் காப்பிக்கு 10,000 ரூபாய் டாக் எதற்கு?

முதலில் சோர்ஸை மாற்றுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூனிலிருந்து கூடுதல் காசில்லாமல் லாஸ்லெஸ் (எதையும் இழக்காத ஒலி) கிடைக்கிறது, அமைப்பில் போய் நாம்தான் அதை இயக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவிடம் சிடி இருக்கும், அதை ஃப்ளாக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், ஒரு பிட் கூடக் குறையாது.

மேலூர் வயர்மேன் · 10:22
செவிச்செல்வம் சார், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது அதுவா? பாட்டை நிறுத்தியும் உறுமுகிறது என்கிறார். சோர்ஸ் தங்கமாக இருந்தாலும் அந்தச் சத்தம் போகாது.

தம்பி, மூன்று காரியம் செய்துவிட்டு வாருங்கள். ஒன்று, சத்தம் வரும்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விடுங்கள். இரண்டு, வயரைக் கழற்றிவிட்டு ப்ளூடூத்தில் போடுங்கள். மூன்று, சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் இரும்பு பாகத்தைப் புறங்கையால் லேசாகத் தடவுங்கள். சுர்ரென்று இருக்கிறதா?

செல்லூர் மாப்ள · 10:30
இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா மாப்ள. சார்ஜர் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை உடைத்துவிடு. சத்தம் அன்றைக்கே போய்விடும். நான் மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மேலூர் வயர்மேன் · 10:33
அந்தப் பின்னை யாரும் தொட வேண்டாம். படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். அது எர்த். உள்ளே இன்சுலேஷன் போய் பாடியில் கரண்ட் இறங்கினால் அது போவதற்கு அந்த ஒரு வழிதான் உண்டு. அதை உடைத்தால் அடுத்த வழி உங்கள் கை.

செல்லூர் மாப்ள · 10:34
எனக்கு ஒன்றும் ஆகவில்லையே அண்ணே.

மேலூர் வயர்மேன் · 10:35
இன்னும் ஆகவில்லை.

யூபிஎஸ் பாண்டி · 10:41
ஃபேன் ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை நடு ஸ்பீடில் வைத்தால் ஆம்ப்பில் கரகரவென்று வரும், முழு ஸ்பீடில் வைத்தால் போய்விடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருநகர் 2பி · ஞாயிறு காலை 7:50
சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறது!! ப்ளூடூத்திலும் இல்லை. ஃபேன் ஸ்பீடை மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. சார்ஜ் போடும்போது லேப்டாப்பில் சுர்ர் என்று இருக்கும், எப்போதுமே அப்படித்தான். புது மாடல் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்போது சார்ஜர் போய்விட்டதா? புதிது வாங்கவா?

நைட்ஷிஃப்ட் · 8:05
கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் எர்த்தும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையம் ஆவது). முடிந்தது கதை. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஐசொலேட்டர் என்று ஒரு குட்டி டப்பா விற்கிறார்கள், மின்தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் விடும், நடுவில் மாட்டுங்கள்.

மேலூர் வயர்மேன் · 8:40
கிரவுண்ட் லூப் என்றால் இரண்டு பக்கமும் எர்த் இருக்க வேண்டும், நைட்ஷிஃப்ட் தம்பி. அந்தச் சின்ன ஆம்ப்புக்குப் பெரும்பாலும் இரண்டு பின் அடாப்டர்தான் வரும். சுர்ர் அடிக்கிறது என்றால் இங்கே எர்த்தே இல்லை என்று அர்த்தம்.

சார்ஜர் கெடவில்லை, வாங்க வேண்டாம். சார்ஜருக்குள் ஃபேஸிலிருந்து ஒரு கெபாசிட்டரும் நியூட்ரலிலிருந்து ஒரு கெபாசிட்டரும் எர்த்துக்குப் போகும், இரைச்சலை வடிகட்ட. எர்த் இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் நடுவில் தொங்கும். 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட் லேப்டாப் பாடியில் நிற்கும். கரண்ட் மிகச் சிறியது, ஆளை அடிக்காது, சுர்ர் என்னும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். நீங்கள் ஆம்ப்பில் வயரை மாட்டியதும் அந்தக் கசிவு பாட்டு போகிற வயரின் வழியாகவே போகிறது. அதைத்தான் ஸ்பீக்கர் உறுமலாகக் காட்டுகிறது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகச் செய்ய வேண்டாம். எர்த் நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும். வீட்டில் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது விழுந்துவிடும், விழுந்தாலும் எர்த் இருக்கிறது என்றுதான் கணக்கு. பல்பு எரியாமல், எதுவும் விழாமல் இருந்தால் எங்கேயோ அறுந்திருக்கிறது. இன்னொன்று. பழைய வீடுகளில் சில பேர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் பாலம் போட்டு வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் அறுந்த நாளில் ஃபிரிட்ஜ் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாப் பாடியிலும் முழு 230 நிற்கும்.

சித்திரை வெயிலில் எர்த் குழி வறண்டாலும் இதே கூத்துதான். குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஃபிளாட்டில் குழி எங்கே என்று பல பேருக்கு வாட்ச்மேனைக் கேட்டால்தான் தெரியும்.

பாட்டு டீச்சர் நாகமலை · 9:10
வயர்மேன் சார் சொன்னதை நான் சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஐசொலேட்டர் பற்றி ஒன்று: மலிவான டப்பாவுக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, அடிநாதத்தைத் தின்றுவிடும். நான் ஒன்று போட்டுப் பார்த்தேன், மிருதங்கத்தில் அடிநாதம் தரும் தொப்பிப் பக்கமே காணாமல் போயிற்று. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ஷிஃப்ட் · 9:25
சரி, எர்த் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு அடுத்த வாரம் பாட்டு வேண்டும், அசோசியேஷன் எப்போது குழி தோண்டும்? லேப்டாப்பை விட்டுவிடுங்கள். போனில் பேட்டரியிலேயே கேளுங்கள். ஆப்பிளின் டைப் சி டாங்கிள் (உள்ளேயே டாக் உள்ள குட்டி வயர்) ஒன்று வாங்கி அதே சிவப்பு வெள்ளை வயரை மாட்டுங்கள். விலை 10,000-த்தில் கால்பங்கு கூட வராது, பெரிய டாக்குகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். ஆண்ட்ராய்டு போனில் அது சத்தம் குறைவாக வரும், யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற ஆப்பில் போட்டால் சரியாகும். ஐபோன் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ப்ளூடூத் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள். எல்டாக் என்ற ப்ளூடூத் ஒலி முறை 990 கேபிபிஎஸ் வரை போகும், போனும் ஆம்ப்பும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி மட்டும்தான். நாதஸ்வரத்துக்கு ஏஏசியே போதும் என்பேன்.

டேப் காலம் · 11:02
ஏஏசி போதுமாம். 80-களில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது, எனக்கும் ஒன்று இருந்தது. வெள்ளைத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுப்பார்கள், ஏ சைடு 30 நிமிஷம், பி சைடு 30 நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் அடிக்க வருவார்கள், அதனால் பல்லவியை வைத்தே நேரம் கணக்குப் போடுவேன். ரிக்கார்டிலிருந்து நேராக டேப்புக்கு. அதில் நாதஸ்வரம் கேட்டவன் இந்த டிஜிட்டலைக் கேட்க மாட்டான். டிஜிட்டல் என்பது ஒலியின் வளைவைப் படிக்கட்டாக வெட்டுவது. எத்தனை படி வைத்தாலும் படி படிதான்.

செவிச்செல்வம் · 11:20
ஐயா, இந்தப் படிக்கட்டுக் கதையை எத்தனை முறைதான் கேட்பது? அமெரிக்கக் கணித அறிஞர் ஷானன் 1949-லேயே கணக்காக எழுதி வைத்துவிட்டார். ஒலியில் இருக்கும் உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி (சாம்பிள்) எடுத்தால் பழைய வளைவு அப்படியே திரும்பி வரும். படி எங்கேயும் வெளியே வராது. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரி, அதனால் 22,050 ஹெர்ட்ஸ் வரை. இளங்காதுக்கே 20,000 தான் எல்லை. உங்கள் வயதில் 12,000 கேட்டால் பெரிய விஷயம்.

டேப் காலம் · 11:31
என் வயதை எதற்கு இழுக்கிறீர்கள்? ஆம், 12,000 கேட்காது. ஆனால் நாதஸ்வரத்தில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) நடுங்குவது எனக்குக் கேட்கிறது. இப்போது ஆப்பில் வரும் பழைய பாட்டு எல்லாம் ஏன் ஒரே சுவராக அறைகிறது? மெதுவாக இருந்த இடத்தையும் தூக்கிவிட்டு "ரீமாஸ்டர்" என்று எழுதிவிடுகிறார்கள்.

பாட்டு டீச்சர் நாகமலை · 11:50
படிக்கட்டில் செவிச்செல்வம் சார் பக்கம், ரீமாஸ்டரில் ஐயா பக்கம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் சத்தத்தின் ஏற்றத்தாழ்வை நசுக்கிப் பதிந்திருந்தால் அது கோப்பில் இருக்கும் குறை இல்லை, பதிவில் இருக்கும் குறை. ஒரே கச்சேரிக்கு இரண்டு மூன்று பதிப்பு இருந்தால் பழைய சிடி வெளியீட்டைத் தேடிக் கேளுங்கள்.

2பி தம்பி, ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். டங் என்று திரும்பி வந்தால் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும்தான் உங்கள் அடுத்த எதிரி. நாதஸ்வரம் அந்த அறையில் காதைக் குத்தும். கோரைப்பாய் உதவாது. தடித்த ஜமக்காளத்தை விரியுங்கள், ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்துங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். காசு செலவில்லை.

செவிச்செல்வம் · 12:04
நான் எந்தக் குறையும் சொல்லவில்லை, ஆனால் மெத்தை எல்லாம் என் பதிவின் நான்காம் பகுதியிலேயே இருக்கிறது.

செல்லூர் மாப்ள · 12:10
ஆடி மாசம் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் காலை ஐந்து மணிக்கே ஆரம்பம். அப்போது வாருங்கள் எல்லாரும், 24 பிட் கேட்கலாம்.

டேப் காலம் · 12:15
அந்தக் குழாயில் வருவதும் இப்போது பென்டிரைவ்தான் தம்பி. நான் போட்ட காலத்தில் டேப்.

யூபிஎஸ் பாண்டி · 12:40
இன்வெர்ட்டர் என்ன வகை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

நைட்ஷிஃப்ட் · திங்கள் இரவு 11:30
2பி எங்கே? யாராவது அவரை டேக் செய்யுங்கள்.

திருநகர் 2பி · வியாழன் காலை 6:45
மன்னிக்கவும், ஆபீஸில் ஆடிட். எலக்ட்ரீஷியன் வந்தார். பல்பு எரியவில்லை, ஈஎல்சிபியும் விழவில்லை. மீட்டர் போர்டில் எர்த் கம்பி ஸ்க்ரூவிலிருந்து கழன்று துருப்பிடித்துக் கிடந்ததாம், முறுக்கிவிட்டு 350 வாங்கினார். சுர்ர் போய்விட்டது. உர்ர் முக்கால்வாசி போய்விட்டது, காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் மட்டும் கேட்கிறது. டாங்கிள் ஆர்டர் போட்டிருக்கிறேன். அப்பாவைக் கூப்பிட ரயிலடிக்குப் போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

மேலூர் வயர்மேன் · 7:02
மகிழ்ச்சி தம்பி. மிச்சம் இருக்கிற கால்வாசிக்கு லேப்டாப்பையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள்.

யூபிஎஸ் பாண்டி · 7:30
கரண்ட் போகும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

செல்லூர் மாப்ள · 21:14
வயர்மேன் அண்ணே, அந்த உடைந்த பிளக்குக்குப் பதில் புது பவர் வயர் எங்கே கிடைக்கும்? டவுன் ஹால் ரோட்டில் கேட்டால் 400 சொல்கிறான்.

மேலூர் வயர்மேன் · 21:20
மீனாட்சி பஜாரில் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அந்த 400-ஐயே கொடுத்துவிடுங்கள்.