புகையும் பூஞ்சையும் பிடித்த துணி லேம்ப் ஷேடைத் தண்ணீரில் கழுவலாமா?

கியூர்பிப் வாசகி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில், பூஜை அறைக் கதவை ஒட்டி வைத்திருக்கும் மேசை விளக்கின் துணி ஷேடு, சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் படிந்து மேல் விளிம்பைச் சுற்றிக் கறுத்துவிட்டது. போதாக்குறைக்கு, மொரீஷியஸில் எங்கள் கியூர்பிப் ஊரின் மழையும் ஈரமும் தெரிந்ததுதானே; சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பகுதியில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகளும், கம்பி ஓடும் இடங்களில் பழுப்புக் கறையும் தெரிகின்றன. மாமியார் காலத்துப் பொருள் என்பதால் தூக்கியெறிய மனம் வரவில்லை. படுக்கையறையில் மடகாஸ்கர் ராஃபியா நாரில் பின்னிய ஷேடு ஒன்றும் தூசியேறிக் கிடக்கிறது. தைப்பூசக் காவடிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இரண்டையும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடலாமா?

ரோஸ் ஹில் தையற்காரர்:
அம்மா, முக்குவதற்கு முன் ஷேடைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். துணிக்குப் பின்னால் வழவழப்பான பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டு, விளிம்புப் பட்டையும் பசையாலேயே நிற்கிறது என்றால் தண்ணீர் காட்டவே கூடாது. பசை இளகித் துணி குமிழ் குமிழாக எழும்பிவிட்டால், பிறகு அதைச் சமப்படுத்துவது பெரும்பாடு. துணி நேராகக் கம்பிச் சட்டத்தில் நூலால் தைக்கப்பட்டிருந்தால் மட்டுமே கழுவுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எப்படியிருந்தாலும் புகைக்கரியை உலர்ந்த நிலையிலேயே எடுத்தாக வேண்டும். அதில் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருப்பதால், ஈரத் துணி பட்டதுமே கரி நெசவுக்குள் இறங்கிவிடும். வாக்குவம் கிளீனரின் வேகத்தைக் குறைத்து, குழாயின் வாய் துணியில் படாதபடி சற்றுத் தள்ளிப் பிடித்து முதலில் உறிஞ்சுங்கள். அதன்பின் புகைக்கரி எடுப்பதற்கென்றே விற்கப்படும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சை, அழுத்தித் தேய்க்காமல், மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள்; அதன் முகம் கறுத்ததும் அந்தப் பகுதியைக் கத்தியால் சீவிவிட்டுத் தொடருங்கள். ரொட்டித் துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. துகள் நெசவில் தங்கிப் பூச்சியை அழைக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

போர்ட் லூயிஸ் மின்பணியாளர்:
பிளக்கைப் பிடுங்கி, பல்பு ஆறிய பிறகே ஷேடைக் கழற்றுங்கள். பூஞ்சையை வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் கூடமெங்கும் பரவும். வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். உள்ளே பழைய குண்டு பல்பு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வெப்பமாகவே போவதால், பல்புக்கு அருகிலுள்ள துணி நாளடைவில் பழுத்து நொறுங்கத் தொடங்கும். எல்இடி பல்பில் அந்தச் சூடு மிகவும் குறைவு.

கியூர்பிப் வாசகி:
இருவருக்கும் நன்றி. கவிழ்த்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் தாள் எதுவும் இல்லை, முழுக்கத் தையல்தான். அப்படியானால் கழுவலாம் அல்லவா? ராஃபியாவுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் தையற்காரர்:
தையல் என்றாலும் உங்கள் ஷேடை நான் கழுவச் சொல்லமாட்டேன், ஏனெனில் நீங்கள் சொன்ன பழுப்புக் கறை கம்பியின் துரு. நீரில் இறங்கினால் அது இன்னும் பரவும். பிளீச் ஊற்றினால் துருக்கறை மேலும் அழுத்தமாகப் பதிந்துவிடும். ஆகவே இப்போதைக்கு உலர் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்றாவது துணியை மாற்றும்போது, சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, நன்கு காய்ந்த பின் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டே புதுத் துணியைத் தைக்கச் சொல்லுங்கள்.

ராஃபியாவைப் பின்னலின் போக்கிலேயே உலர்ந்த தூரிகையால் தட்டி, பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் போதும். முழுக்க நனைந்தால் நார் ஊறி, காயும்போது வடிவம் கோணிவிடும். துடைத்த பின் நிழலில், மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். உங்கள் ஊரில் வெயிலுக்காகக் காத்திருந்தால் காவடியே முடிந்துவிடும்.

மேசை விளக்கைப் பூஜை அறைக் கதவிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றி, சுவருக்கும் ஷேடுக்கும் நடுவே ஒரு கையகலமாவது காற்றுக்கு இடம் விடுங்கள்.