உதவி: சைகைமொழி பெயர்ப்பாளர் சான்றிதழ் தேர்வு மையம் – வீடியோ பதிவில் விரல்கள் கலங்குகின்றன

மையப் பொறுப்பு:
எங்கள் கல்லூரியில் இந்தத் தேர்வுக்கு மையம் நடத்த ஒப்புக்கொண்டுவிட்டோம். திரையில் ஒருவர் பேசுவார் அல்லது சைகை செய்வார். தேர்வர் அதைப் பெயர்ப்பதை வெப்கேம் பதிவு செய்யும். மதிப்பீட்டாளர்கள் பிறகு பதிவைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். நேற்று ஒத்திகை. விரலெழுத்து (ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது) வரும் இடமெல்லாம் கை கலங்கித் தெரிகிறது. கேமரா நொடிக்கு 30 பிரேம் என்கிறார்கள், கோப்பைப் பார்த்தால் 15. கேபிள், போர்ட் எல்லாம் மாற்றியாயிற்று. இணையம் காரணமா? பத்து நாள்தான் இருக்கிறது.

ஒளிப்பதிவன்:
பதிவு முதலில் கணினியிலேயே சேமிக்கப்படுகிறதா? அப்படியென்றால் இணையத்தின் மேல் பழி போடாதீர்கள். அறை இருட்டா?

மையப் பொறுப்பு:
ஆமாம், கணினியில்தான். அறையில் ஒரே டியூப்லைட். கண்ணுக்குப் போதுமான வெளிச்சம்தான் சார்.

ஒளிப்பதிவன்:
கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும். அதனால் 30 தானாகவே 15 ஆகும், அசையும் கையும் கலங்கும். கேமரா அமைப்பில் குறைந்த ஒளிக்கான தானியங்கி சரிசெய்தலை அணையுங்கள். முன்பக்கம் இரண்டு பக்கமும் விளக்கு வையுங்கள். சும்மா பேசும் வீடியோவுக்கு 15 ஓடிவிடும், விரலெழுத்துக்கு ஓடாது.

மையப் பொறுப்பு:
30 வந்துவிட்டது! ஆனால் இப்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன.

ஒளிப்பதிவன்:
அது விளக்கின் மினுக்கல். கேமராவில் 50 / 60 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். உங்கள் மின்சாரம் எதுவோ அதையே வையுங்கள்.

கைபேசும்_காதுகேளாதவள்:
நான் காதுகேளாத பெயர்ப்பாளர், இந்த மாதிரி அறையில் தேர்வு எழுதியவள். கேமரா சரியானால் போதாது. படத்தின் சட்டத்துக்குள் தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, இரண்டு முழங்கையும் விரித்தாலும் தெரிய வேண்டும். முகம் வெட்டுப்பட்டால் பாதி இலக்கணம் போச்சு. புருவமும் வாயும் எங்களுக்கு அலங்காரம் இல்லை. கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டாம், முழங்கை இடிக்கும். பின்சுவர் வெறுமையாக, ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

கண்காணிப்பாளர் யார்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்: விதிமுறையை வாயால் வாசித்துவிட்டுப் போய்விட்டார். நான் பாதியைக் கூட வாங்கவில்லை. சைகை தெரிந்தவரை வையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். தீ எச்சரிக்கை ஒலி மட்டுமா, விளக்கும் எரியுமா என்றும் பாருங்கள். தேர்வருக்குப் பாடம் எடுத்தவரைக் கண்காணிப்பில் போடாதீர்கள், பிறகு புகார் வரும்.

மையப் பொறுப்பு:
ஐயோ, கண்காணிப்புக்குப் போட்டது அவர்களுடைய ஆசிரியரைத்தான். மாற்றுகிறேன். பதிவுக் கோப்பு கணினியில் தங்கினால் பரவாயில்லையா?

கைபேசும்_காதுகேளாதவள்:
தேர்வு நடத்துகிறவர்களைக் கேட்காமல் அழிக்கவும் கூடாது, நகல் எடுக்கவும் கூடாது. முழுக் கோப்பும் ஏறிவிட்டது என்று அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகு அழியுங்கள். வினாவும் அதே வீடியோவில் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

மையப் பொறுப்பு:
50க்கு மாற்றியதும் பட்டை போய்விட்டது. இன்று கைப்பிடி இல்லாத நாற்காலி தேடி மூன்று மாடி ஏறி இறங்கினேன், நூலகத்தில் ஒன்று கிடைத்தது.