தென்னாப்பிரிக்காவில் பொறியியல் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா: விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

பம்புக்காரன் (ஜெர்மிஸ்டன்):

ஊரில் பி.இ. முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள் மேலே படிக்க எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

வேலையை விடாமல் படிக்கத் தோதானது போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா. அமெரிக்காவில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்கிறார்களே, ஏறக்குறைய அந்த இடத்தில் இங்கே இருப்பது இதுதான். என்கியூஎஃப் என்ற தேசியத் தகுதி அட்டவணையில் மொத்தம் 10 படிகள். இந்த டிப்ளமா 8-வது படி, மாஸ்டர்ஸ் 9-வது. டிப்ளமாவுக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக 1,200 மணி நேரம். வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

விண்ணப்பப் படிவம் பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் உங்கள் வெளிநாட்டுப் பட்டம் இங்கே எந்தப் படிக்குச் சமம் என்று சாக்வா என்ற தேசியத் தகுதி ஆணையம் எழுதித் தர வேண்டும். காலம் கரைவது அங்கேதான். பல்கலைக்கழகத்தில் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், வகுப்பு பிப்ரவரியில் தொடங்கும். செப்டம்பரில் சாக்வாவுக்குக் காகிதம் தேட ஆரம்பித்தால் அந்த வருடத்தை மறந்துவிட வேண்டியதுதான். என் டிரான்ஸ்கிரிப்டைத் தம்பி கிண்டிக்குப் போய் வாங்கி அனுப்பினான். ஊரில் ஓடியாட ஆள் இல்லாதவர்கள் இன்னும் முன்கூட்டியே இறங்குங்கள்.

எனக்கு வந்தது 7-வது படி. நான்கு வருடப் படிப்பாயிற்றே என்று கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் டிப்ளமாவில் சேர 7 போதும். நேராக மாஸ்டர்ஸ் போகிறவர்களுக்குத்தான் 8 வேண்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது என் பெயர். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் கட்டத்தில். வேலை செய்கிற இடத்துக் கடிதத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயர். ஆன்லைன் படிவமோ சர்நேமில் ஒற்றை எழுத்தை ஏற்கவே இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் இருந்த அம்மா நம்மவர்தான், டர்பனில் பிறந்தவர், பிள்ளை வீட்டுப் பெண். "உன் குடும்பப் பெயர் என்ன?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "அது உன் அப்பாவின் பெயர், நான் கேட்பது குடும்பப் பெயர்" என்றார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றால் நம்பவில்லை. அவர் வீட்டில் நாலு தலைமுறையாக ஒரே சர்நேம், பாவம் அவரைச் சொல்லி என்ன.

தீர்வு சுலபம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதிக் கொடுத்தேன், இந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று. முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்கள், காசு கிடையாது. சான்றிதழ் நகல்களுக்கும் அங்கேயே முத்திரை வாங்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அஃபிடவிட்டைச் சாக்வாவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

வணக்கம். என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்புக்காரன் தம்பி சொல்கிற சாக்வா அலைச்சல் எங்களுக்கு இல்லை, இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். எங்கள் சிக்கல் வேறு. நான் டெக்னிகான் என்ற பழைய தொழில்நுட்பக் கல்லூரிகள் இருந்த காலத்து ஆள். எம்.எல். சுல்தானும் டெக்னிகான் நேட்டாலும் 2002-இல் ஒன்றாகி, இன்றைக்கு டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி என்கிறார்களே, அதற்கு முந்திய நேஷனல் டிப்ளமா என்னுடையது. அது 6-வது படி. அந்த நாளில் மேலே போக பி.டெக். இருந்தது. கல்யாணம், பிள்ளைகள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2019 முடிவோடு பி.டெக்.கில் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்! இப்போது அட்வான்ஸ்டு டிப்ளமா முடித்துத்தான் 7-க்கு வர வேண்டும், அப்புறம் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா. இந்த வயதில் அத்தனை வருடமா?

எங்கள் மேனேஜர் ஆர்பிஎல் பற்றிச் சொன்னார். வேலையில் கற்றதைப் படிப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது. எல்லாருக்கும் கிடைக்காது. ஒரு வகுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வழியில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. முதலில் கேட்ட பல்கலைக்கழகம் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. இரண்டாவது இடத்தில் போர்ட்ஃபோலியோ கொண்டு வா என்றார்கள்.

நான் இருப்பது சர்க்கரை ஆலையின் பராமரிப்புப் பிரிவில். கரும்பு அரைப்பது ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும், ஆலையைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பது அதற்குப் பிறகுதான். விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ அரைப்பு உச்சத்தில் வருகிறது. அதனால் அரைப்பு இல்லாத ஆஃப் கிராப் மாதங்களிலேயே எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன்: நான் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டுகள், மாற்றி வரைந்த டிராயிங்குகள், பாய்லர் ஷட்டவுன் திட்டங்கள், என்ஜினியர் எழுதித் தந்த கடிதம்.

நேர்காணலில் மூன்று பேர். ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரு பெரியவர் ஒரே ஒரு ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொண்டார். மில் ரோலர் பேரிங் மாற்றியது. "மாற்றினாய், சரி. ஏன் போயிற்று?" என்றார். எண்ணெய் போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை? குழாயில் அடைப்பு. ஏன் அடைப்பு? இப்படியே கேட்டுக் கேட்டு லூப்ரிகேஷன் தியரி வரைக்கும் இழுத்துப் போய்விட்டார். வியர்த்துவிட்டது. எத்தனை வருடம் வேலை பார்த்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். இடம் கிடைத்தது, முதலில் ஒரு கணிதப் பாடம் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் மகனிடம்தான் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கற்றுக்கொண்டேன். அவன் செய்த கேலி தனிக் கதை.

செகுண்டா ஷிஃப்ட்காரன்:

அக்கா, அருமை. ஒரு சந்தேகம். இந்த டிப்ளமா முடித்தால் ஜிசிசி என்ற தகுதிச் சான்றிதழுக்கான பரீட்சை எழுத வேண்டாமா? எங்கள் ஆலையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

இல்லை தம்பி, அது வேறு, இது வேறு. ஜிசிசி அரசாங்கம் தருவது. தொழிற்சாலைக்குத் தொழிலாளர் துறை, சுரங்கத்துக்குக் கனிம வளத் துறை. பிளாண்ட், சட்டம் இரண்டு பேப்பரும் எழுதித்தான் ஆக வேண்டும். உனக்கு வேண்டியது ஆலைப் பொறுப்பு என்றால் ஜிசிசிக்கே போ, டிப்ளமாவில் காசைக் கொட்டாதே.

வல்லிபுரத்தான் (டர்பன்):

எல்லாரும் படிப்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அந்தப் படிப்பால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதாய்க் காணவில்லை. நான் இலங்கையில் படித்து வந்தவன். ப்ரொஃபெஷனல் என்ஜினியர் என்று எக்சா என்ற தென்னாப்பிரிக்கப் பொறியியல் பேரவையில் பதிவதுதான் என் நோக்கம். ஒரு நாட்டின் பொறியியல் படிப்பை மற்ற நாடு ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா 1999-இலேயே சேர்ந்துவிட்டது. இலங்கையும் இந்தியாவும் சேர்ந்தது 2014-இல். என்னுடைய பட்டம் அதற்கு முந்தியது, ஆகவே தனியாக மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. இந்தியாவில் படித்தவர்களும் கவனியுங்கோ, அங்கே என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் டயர் 1 அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான் அந்த உடன்படிக்கை செல்லும். கல்லூரி பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை.

எந்த டிப்ளமா எக்சா பதிவுக்கு உதவும் என்பதும் படிப்புக்குப் படிப்பு மாறும். விண்ணப்பக் கட்டணம் கட்ட முதல் எக்சாவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கோ. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

இன்னொன்று. பல்கலைக்கழக முத்திரையோடு நாலு நாள், ஒரு கிழமை என்று சான்றிதழ் வகுப்புகள் நடக்கும். கனபேர் அதை எடுத்து வைத்துக்கொண்டு மாஸ்டர்ஸுக்குப் போகலாம் என்று இருக்கிறார்கள். அவை பெரும்பாலும் சிபிடி என்ற தொடர் தொழில்முறைப் பயிற்சி வகுப்புகள். ஏற்கனவே பதிந்த பொறியியலாளர் ஐந்து வருடத்துக்கு 25 சிபிடி புள்ளி காட்ட வேண்டும், அதற்குத்தான் அவை. என்கியூஎஃப் படி எண் போடாத சான்றிதழைக் கொண்டு போனால் மாஸ்டர்ஸ் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் நான் எடுத்தது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் கிராஜுவேட் சர்டிஃபிகேட், நாலு பாடம், 12 கிரெடிட். விண்ணப்பம் இங்கத்தையதைவிட லேசு: ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு இல்லை, டிரான்ஸ்கிரிப்டும் ஒரு பக்கக் கட்டுரையும். பிறகு அங்கேயே மாஸ்டர்ஸ் கிடைத்தால் அந்தக் கிரெடிட்டுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் கட்டணம் டாலரில், சம்பளம் ராண்டில். அங்கே பின்னேரம் ஆறு மணி வகுப்பு என்றால் இங்கே கோடையில் இரவு ஒரு மணி. எக்சா பதிவுக்கு இது ஒன்றும் செய்யாது என்று தெரிந்தே எடுத்தேன், எனக்கு வேண்டியது கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அறிவு மட்டும்.

பம்புக்காரன் (ஜெர்மிஸ்டன்):

வல்லிபுரத்தான் அண்ணா சொன்ன பட்டியல் விஷயம் முக்கியம், நான் சொல்ல விட்டது. இன்னும் ஒன்று: வேலைக் கடிதத்தை எச்.ஆர். கையில் விட்டால் "இவர் இன்ன தேதியிலிருந்து இங்கே பணிபுரிகிறார்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்ன டிசைன் செய்தீர்கள், எதற்கு நீங்கள் பொறுப்பு என்று நீங்களே ஒரு பக்கம் எழுதி, மேலே இருக்கும் என்ஜினியரிடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர் எக்சாவில் பதிந்தவர் என்றால் பதிவு எண்ணையும் போடச் சொல்லுங்கள், பிற்பாடு உங்கள் பதிவுக்கும் அதே கடிதம் உதவும். கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ் பக்கம் விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கேள்வி கேட்ட தம்பி அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறாராம்.