2017 இழுவைமடித் தடைச் சட்டம்: சுமந்திரன் கடற்றொழிலாளருக்குச் செய்தது என்ன?

வடமராட்சியான்
தேர்தலில் தோற்றவரைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். தோற்ற பிறகுதான் கணக்குப் பார்க்க வசதி. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரன் 2010இல் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் போனார். 2015, 2020 இரண்டு முறையும் யாழ்ப்பாண மாவட்டத்தில் வென்றார், 2024இல் தோற்றார். அரசியல் தீர்வு, ஜெனீவா என்று அவரைத் திட்ட ஆயிரம் காரணம் சொல்வார்கள். நானும் சிலதைச் சொல்வேன். ஆனால் 2017 யூலை 6 அன்று நிறைவேறிய இழுவைமடித் தடையை, கடல் தரையை உரசி இழுக்கும் வலைக்கான தடையை, மறுக்க முடியாது. எதிர்க்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் கொழும்பில் சட்டமாவது அபூர்வம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபா தண்டம்.

பாம்பன் பாலம்
சட்டம் போட்டார், சரி. அது யார் தலையில் விடிந்தது? தமிழ்நாட்டு மீனவர் எங்கள் தலையில். 2018 ஜனவரியில் அடுத்த திருத்தம் வந்தது: வெளிநாட்டுப் படகுக்கு அபராதம் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை. 2021 ஜனவரியில் கடற்படைக் கப்பலோடு மோதிப் படகு மூழ்கி எங்கள் ஆட்கள் நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழ அகதி. அவர் வீட்டில் போய் இந்தச் சாதனையைச் சொல்லிப் பாருங்கள். தமிழ் எம்.பி. ஒருவரே கடற்படை கையில் சட்டத்தைக் கொடுக்க வேண்டுமா?

வடமராட்சியான்
அண்ணை, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 2018 திருத்தம் அரசாங்கம் கொண்டுவந்தது. சுமந்திரனின் சட்டம் படகில் பறக்கும் கொடியைப் பார்ப்பதில்லை, வலையைப் பார்க்கிறது. அந்த நான்கு பேர் செத்தது கொடுமைதான். ஆனால் கடற்படை 2017க்கு முன்னால் உங்கள் ஆட்களைத் தொடவில்லையா என்ன?

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 2009 வரை போர் என்று கடலே பூட்டிக் கிடந்தது. அப்புறம் கடன் வாங்கி, சின்ன ஃபைபர் படகில் பொழுது சாய வலையை விட்டுவிட்டுக் காத்திருப்போம். நள்ளிரவில் வரிசையாக வெளிச்சம் தெரியும். விடிந்து இழுத்தால் மிதவையும் அறுந்த கயிறும்தான் மிச்சம். திங்கள், புதன், சனி உங்கள் படகுகள் வரும் நாள் என்று எங்கள் ஆட்கள் கரையிலேயே இருந்த காலம் உண்டு. தமிழன் வலையைத் தமிழன் அறுத்தால் பரவாயில்லையா?

குருநகர் றோலர்
கொடியைப் பார்க்காத சட்டம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அதனால் யாழ்ப்பாணத்திலேயே இழுவைமடி போடும் நாங்களும்தான் மாட்டினோம். எங்கட படகு இந்தியப் படகில் பாதி இருக்குமா? இறால் பட்டால் அந்தக் கிழமை வீட்டில் அடுப்பெரியும். தடை வந்த அன்று இயந்திரத்துக்கும் மடிக்கும் வாங்கிய கடன் அப்படியே நின்றது. மாற்றுத் தொழிலுக்கு வழி எங்கே என்று கேட்டோம், இன்னும் கேட்கிறோம். சட்டத்தரணி எழுதிய சட்டத்தில் எங்கட கடனுக்கு எந்தப் பிரிவு?

தங்கச்சிமடம் நாட்டுப்படகு
பாம்பன் அண்ணே, நீங்கள் ராமநாதபுரம் முழுவதற்கும் சேர்த்துப் பேசாதீர்கள். நானும் இந்தக் கரைதான். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஏன் பிரித்தார்கள்? நம்மூரிலேயே அடித்துக்கொண்டதால்தானே! கரையிலிருந்து மூன்று நாட்டிகல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை. யார் மதிக்கிறார்கள்?

விசைப்படகு வந்து சேர்ந்ததும் தளத்தில் கொட்டுவதைப் பாருங்கள். இறாலைப் பொறுக்கி எடுத்த பிறகு ஒரு குவியல் கிடக்கும், சங்காயம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு நண்டு, குஞ்சு மீன், கடல் தாழை எல்லாம் கலந்து கிடக்கும். அதில் மீன் குஞ்செல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகும். மடியோடு கட்டிய பலகையும் சங்கிலியும் தரையை உரசிக்கொண்டு போனால் வேறென்ன வரும்? சுமந்திரன் யாரோ, எனக்கு அவர் அரசியல் தெரியாது. அந்தச் சட்டம் சரியான சட்டம்.

பாம்பன் பாலம்
தம்பி, சங்காயம் எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் மூன்று மைல் கூடாது, அந்தப் பக்கம் இலங்கை எல்லைக்கோடு. நடுவில் இருக்கும் துண்டுக் கடலில் இத்தனை விசைப்படகும் எங்கே போகும்? ஆழ்கடலுக்குப் போ என்று 2017இல் திட்டம் அறிவித்தார்கள். 2,000 படகு, 1,600 கோடி ரூபாய், படகு ஒன்றுக்கு 80 லட்சம். சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு ராத்திரி போய்விட்டுக் காலையில் திரும்புகிறவனை வாரக்கணக்கில் சூரை மீன் பிடிக்கப் போகச் சொன்னால் சும்மாவா? தடுக்கிறவர் மாற்று வழியையும் சொல்ல வேண்டும்.

வடமராட்சியான்
மாற்று வழி உங்கள் அரசாங்கத்தின் வேலை, யாழ்ப்பாண எம்.பி.யின் வேலை இல்லை. இழுவைமடியைக் கூடிய சீக்கிரம் கைவிடும் திசையில் போவதாக 2016 நவம்பரில் டெல்லியில் இரண்டு நாடும் ஒப்புக்கொண்டன. சுமந்திரன் அதைத் தன் பக்கத்தில் சட்டமாக்கினார். குருநகர்க்காரரின் கேள்வி வேறு, அதில் நியாயம் இருக்கிறது. தடையோடு நட்டஈட்டையும் சேர்த்துக் கேட்டு அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் சட்டத்தை எழுதிவிட்டு அவர் வீட்டில் இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளோடு கடலில் போனார். கேட்டது ஒன்றுதான்: இருக்கிற சட்டத்தை அமுல்படுத்து.

குருநகர் றோலர்
அதையேதான் நானும் சொல்கிறேன். தான் கொண்டுவந்த சட்டத்தை நான்கு வருடம் கழித்துப் படகில் ஏறிக் கேட்க வேண்டி வந்தது. பிறகு யாருக்கு அந்தச் சட்டம்? அமைச்சர் மாறினார், ஆட்சி மாறியது, இந்தியப் படகு இன்னும் வருகிறது.

தங்கச்சிமடம் நாட்டுப்படகு
அமுல்படுத்தாதது அரசாங்கத்தின் குற்றம். அதற்குச் சட்டம் எழுதினவரை ஏன் பிடிக்கிறீர்கள்?

குருநகர் றோலர்
சரி, யாரையும் பிடிக்கவில்லை. சட்டம் நல்லது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை மயிலிட்டித் துறைமுகத்துக்கு வாருங்கோ. பிடித்த இந்தியப் படகுகளை அங்கே கட்டி வைத்து இடத்தை அடைத்திருக்கிறார்கள். அதை முதலில் அகற்றச் சொல்லுங்கோ, உள்ளூர்ப் படகு கட்ட இடம் வேணும்.