புதுப்பிப்பு: தெரபிஸ்ட் கிடைச்சாச்சு

சென்னைல ஆம்பள மனசுவிட்டுப் பேச நல்ல தெரபிஸ்ட் யாருன்னு, தூக்கமே இல்லன்னு கேட்டிருந்தேன்ல, அதுக்கு அப்டேட். முதல்ல பார்த்தவரு "கல்யாணம் பண்ணுங்க தம்பி, சரியாயிடும்"னாரு, அங்க போறதையே விட்டுட்டேன் (இதை எங்க அத்தை ஃபீஸ் வாங்காமயே சொல்வாங்க). அப்புறம் நீங்க சொன்ன 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, தமிழ்லயே பேசுறாங்க, அதுல கூப்பிட்டேன். மாத்திரைன்னா சைக்கியாட்ரிஸ்ட், பேசிச் சரிபண்ண க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு புரிஞ்சுது, சைக்காலஜிஸ்ட்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. இப்ப பார்க்குறது ஒரு மேடம், லேடியாச்சேன்னு தயக்கம்தான், ஆனா அப்பாவைப் பத்தி பேசுறப்ப குரல் உடைஞ்சுது, அவங்க அவசரப்படுத்தல, தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்திட்டு சும்மா இருந்தாங்க. தூக்கம் இன்னும் அரைகுறைதான். சனிக்கிழமை ஸ்லாட் கேட்டிருக்கேன், ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல.