பூஜ் பின்னதிர்வு டோமோகிராஃபி: குவியத்தில் தெரியும் திட்டு நிஜமா, கணக்கின் கைவேலையா?

நிலவியல்_மாணவி

வணக்கம். 2001 ஜனவரி 26 பூஜ் (குஜராத்) நிலநடுக்கத்தின் பின்னதிர்வுத் தரவை வைத்து டோமோகிராஃபி செய்கிறேன்; அதாவது அலைகளின் வருகை நேரத்திலிருந்து, குவியத்தை (அதிர்வு தொடங்கிய ஆழப் புள்ளியை) சுற்றியுள்ள பி (முதலில் வரும் அமுக்க அலை), எஸ் (பிறகு வரும் குறுக்கு அலை) வேகங்களை முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். வருகை நேரங்கள் தற்காலிக ஸ்டேஷன்களில் பதிவானவை. தானியங்கி முறையில் குறித்த பட்டியலாகத்தான் என் கைக்கு வந்தது. தொடக்க மாதிரி ஒரு பரிமாண அடுக்கு மாதிரி (வேகம் ஆழத்தோடு மட்டும் மாறும்). பி/எஸ் வேக விகிதம் எல்லா ஆழத்திலும் 1.73.

முடிவில் 20–30 கி.மீ. ஆழத்தில், பிரதான அதிர்வின் குவியத்தின் மேலேயே, விகிதம் உயர்ந்த ஒரு திட்டு வருகிறது. 2002-ல் கயால் குழு வெளியிட்ட டோமோகிராஃபியும் ஏறக்குறைய இதே ஆழத்தில் எஸ் வேகம் குறைவு, பாய்சான் விகிதம் (பி/எஸ் விகிதத்தோடு கூடவே உயரும் அளவு) அதிகம் என்று காட்டி, நீர் நிறைந்த விரிசல் பாறையாக இருக்கலாம் என்கிறது. பார்த்ததும் சந்தோஷம்தான்.

ஆனால் கிரிட்டை (வேகத்தைக் கணக்கிடும் புள்ளிகளின் வலையை) அரைக் கட்டம் நகர்த்தினால் திட்டும் கூடவே நகர்கிறது. டேம்பிங்கை (மாதிரி அதிகம் மாறாமல் அடக்கும் அளவை) கூட்டினால் பாதி கரைந்துவிடுகிறது. அப்புறம், பின்னதிர்வுகளில் நிறைய 20 கி.மீ. கோட்டுக்குச் சற்றுக் கீழே வரிசையாகப் படிந்திருக்கின்றன. என் மாதிரியில் வேகம் தாவுவதும் அதே 20-ல்தான். ஆர்எம்எஸ் (கணித்த நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள சராசரிப் பிழை) மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. இதை நம்பி எழுதலாமா?

அடுக்குப்பாறை

எழுதாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஆர்எம்எஸ் குறைவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இத்தனை கிரிட் புள்ளிகளுக்குச் சுதந்திரம் கொடுத்தால் அது குறையத்தான் செய்யும்.

20-ல் வரிசையாகப் படிவது தெளிவான அறிகுறி. அடுக்கு எல்லையில் வேகம் தாவும் இடத்தில், ஆழத்தோடு வருகை நேரம் மாறும் வீதமும் தாவும். இடமறியும் நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். குவியங்களே தவறான ஆழத்தில் நின்றால் மிச்சமாகும் நேரத்தை வேகம்தான் சுமக்கும். ஆழம், தொடக்க நேரம், வேகம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலில் வெலெஸ்ட் (குவியங்களையும் ஒரு பரிமாண வேகத்தையும் சேர்த்துக் கணிக்கும் நிரல்) ஓட்டி, ஸ்டேஷன் திருத்தங்களோடு (ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உள்ள நிலையான தாமதத்தோடு) சேர்த்து ஒரு பரிமாண மாதிரியையே திருத்துங்கள். அடுக்குகளை மெல்லிசாக்கி, தொடக்க ஆழங்களை வேண்டுமென்றே 10, 20, 30 என்று மாற்றிக் கொடுத்து, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு முப்பரிமாணம்.

எஸ்_வருகை

மேலே சொன்னது சரி. ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் உங்கள் எஸ் பட்டியல் மேல்தான். தானியங்கிக் குறிப்பு என்று படித்ததுமே உறுத்தியது.

பூஜ் இருக்கும் கட்ச் பகுதியில் பல ஸ்டேஷன்களின் கீழே மெசோசோயிக் (டைனோசர் காலத்து) படிவுகள் கனமாகக் கிடக்கின்றன. மேலே ஏறும் எஸ் அலை அந்தப் படிவின் அடித்தளத்தில் கொஞ்சம் பி-யாக மாறும். மாறியது முதலில் வந்துசேரும், நிஜ எஸ் பிறகு வரும். உதாரணத்துக்குப் படிவு 1.5 கி.மீ., பி வேகம் வினாடிக்கு 3 கி.மீ., எஸ் வேகம் 1.5 என்று வையுங்கள். பி-க்கு 0.5 வினாடி, எஸ்-க்கு 1 வினாடி. ஆக, மாறிய அலை அரை வினாடி முந்தும். செங்குத்துக் கூறில் அது பளிச்சென்று தெரியும். நிரல் அதையே எஸ் என்று குறித்துவிடும். 25 கி.மீ. ஆழத்தில் நேர் கீழே நடக்கும் அதிர்வுக்கு எஸ்–பி இடைவெளியே (இரண்டும் வந்துசேரும் நேர வித்தியாசம்) சுமார் 3 வினாடிதான் என்பதை யோசியுங்கள்.

சரியாகக் குறித்தாலும் தொல்லை தீராது. மாதிரியில் படிவே இல்லையென்றால் அதே இடத்தில் எஸ்–பி சுமார் 0.3 வினாடி உபரியாகும். பூஜ் பின்னதிர்வுகள் பெரும்பாலும் 10 கி.மீ.க்குக் கீழே. மேற்பரப்புக்கு அருகே குறுக்கும் நெடுக்குமாகக் கதிர்கள் போவதில்லை, எல்லாம் ஏறக்குறைய செங்குத்து. அதனால் மேலே இருக்கும் தாமதம் கதிர் வழியாக வழிந்து, கதிர்கள் ஒன்றுகூடும் குவியத்தில் போய்த் தேங்கும். உங்கள் திட்டு பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

வடாட்டி வரைபடம் போடுங்கள்: கிடையச்சில் பி வருகை நேரம், நெடுக்கச்சில் எஸ்–பி. சரிவோடு 1 கூட்டினால் விகிதம், 1.73-க்குச் சரிவு 0.73. குவியம் எங்கே என்பதே இதற்குத் தேவையில்லை, அதுதான் இதன் அருமை. எந்த ஸ்டேஷன் எல்லா அதிர்வுகளிலும் ஒரே பக்கம் கோட்டை விட்டு விலகுகிறது என்று பாருங்கள்.

நிலவியல்_மாணவி

போட்டுப் பார்த்தேன். சில ஸ்டேஷன்கள் எப்போதும் கோட்டுக்குக் கீழேயே விழுகின்றன. எல்லாம் படிவுப் பகுதியில் இருப்பவை. அலைப்பதிவைத் திறந்து கிடைக் கூறுகளைச் சுழற்றிப் பார்த்தால், குறித்த இடத்துக்கு அப்புறம் குறுக்குக் கூறில் பெரிய வீச்சோடு இன்னொன்று வருகிறது. மாறிய அலையைத்தான் குறித்திருக்கிறது. கையால் திருத்தி, ஸ்டேஷன் திருத்தமும் சேர்த்தேன். 20 கி.மீ. வரிசை கலைந்துவிட்டது. திட்டு மங்கலாகியிருக்கிறது, ஆனால் மறையவில்லை.

இப்போது விகிதத்தை எப்படி எடுப்பது? பி மாதிரியை எஸ் மாதிரியால் வகுத்தால் போதுமா?

எஸ்_வருகை

வகுக்காதீர்கள். எஸ் கதிர்கள் குறைவு, அதனால் எஸ் மாதிரி இன்னும் மழுங்கியிருக்கும். கூர்மையான ஒன்றை மழுங்கிய ஒன்றால் வகுத்தால் இல்லாத திட்டு முளைக்கும். எஸ்–பி நேரத்தையே நேரடியாக விகிதத்துக்குத் தலைகீழாக்குங்கள் (நேரத்திலிருந்து மாதிரியைப் பின்னோக்கிக் கணியுங்கள்). சிமுல்பிஎஸ் என்ற டோமோகிராஃபி நிரல் அப்படித்தான் செய்கிறது. அடர்ந்த பின்னதிர்வுக் கூட்டம் இருப்பதால், ஜாங்கும் தர்பரும் 2003-ல் கொடுத்த இரட்டை வித்தியாச முறையும் குவியத்தருகே நன்றாக வேலை செய்யும். அடுத்தடுத்த இரண்டு அதிர்வுகளின் நேர வித்தியாசத்தில் ஸ்டேஷனடிப் படிவின் தாமதம் பெரும்பாலும் கழிந்துபோகும். உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

அடுக்குப்பாறை

செக்கர்போர்டு டெஸ்டோடு (சதுரங்கப் பலகை போல மாறிமாறி வேகம் வைத்த செயற்கை மாதிரி திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பதோடு) நிறுத்திவிடாதீர்கள். அது கதிர்கள் எங்கே போகின்றன என்பதைத்தான் சொல்லும். உங்கள் கேள்விக்கு வேறு சோதனை வேண்டும்: ஆழத்தில் விகிதத்தை 1.73 என்றே வைத்து, மேலே மட்டும் மெதுவான படிவு போட்டு, செயற்கை நேரங்கள் உண்டாக்கி, குவியங்களையும் சேர்த்து மறுபடி தலைகீழாக்குங்கள். அங்கேயும் 25 கி.மீ.யில் திட்டு வந்தால் அது படிவின் நிழல். வராவிட்டால் உங்கள் திட்டுக்கு உயிர் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிரதான அதிர்வு நடந்தபோது அருகே அடர்ந்த வலையமைப்பு இல்லை. தற்காலிக ஸ்டேஷன்கள் பிறகுதான் வந்தன. பிளவு மேற்பரப்பை உடைத்து வெளியே வராததால் தரையில் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. ஆகவே "குவியத்தின் மேலேயே" என்று சொல்லும்போது அந்தக் குவியப் புள்ளிக்கே சில கிலோமீட்டர் ஆட்டம் உண்டு. படத்தில் குவியத்தைக் காட்டும் நட்சத்திரத்தோடு பிழைக்கோட்டையும் போடுங்கள்.

ஜப்பானின் கோபே நிலநடுக்கத்திலும் (1995) குவியத்தில் இதேபோல் தாழ்ந்த வேகமும் உயர்ந்த பாய்சான் விகிதமும் கண்டு நீரைத்தான் சொன்னார்கள், அதனால் உங்கள் விளக்கம் விசித்திரமானதல்ல. இந்தச் சோதனை முடிந்ததும் குறுக்குவெட்டை இங்கே போடுங்கள். கிரிட் நகர்த்திய படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள், ஒரே வண்ண அளவுகோலில்.